அத்தானைச் சாமியாக்கிய மாதங்கள்

முற்றத்தில் ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஈரச் சேலை. கையில் ஒரு சீப்பு மட்டிப் பழம். நான் மோர் கடைந்துகொண்டிருந்தேன். பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக நேரமாகிவிட்டிருந்தது.

"சாமி எழும்பியாச்சா மக்கா?" என்று கேட்டாள்.

வீடு மாறி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். "இது கடைக்காரரு வீடு. தாங்கல் கெழக்க இருக்கு" என்றேன். தாங்கல் என்பது எங்கள் ஊர் வழிபாட்டு இடம்.

"தாங்கலுக்குப் பெய்ட்டுத்தான் வாறேன். எனக்குக் கடைக்காரரைத்தான் பாக்கணும். அவரு தவசு இருக்காராமே!"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மாமி என்றால் என் மாமியார். என் அப்பாவுக்கு அக்காள். "வா மக்கா. சாய்ப்புலதான் இருக்கான். சத்தம் போடாம பெய்க் கும்பிடு" என்று வழிகாட்டினாள்.

சாய்ப்பு என்பது வீட்டின் மேற்குச் சுவரில் ஓலை சாய்த்து இறக்கிய அறை. தேங்காயும் விறகும் போடுகிற இடம். அங்கே ஒரு பலகையில், சுவரைப் பார்த்தபடி, என் கணவர் உட்கார்ந்திருந்தார். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே அப்படி உட்காரத் தொடங்கியிருந்தார்.

அந்த அம்மாள் விழுந்து கும்பிட்டாள். அவர் திரும்பவில்லை. அவள் எழுந்து பக்கவாட்டில் போய் முகத்தை எட்டிப் பார்த்தாள். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"அய்யா, சிவ சிவா! கண்ணு நெறஞ்சு ஒழுகுகத பாத்தியா! என்ன அருளு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் மத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றேன். அந்தக் கண்ணீரை நான் அறிவேன். ஒவ்வொரு விடியற்காலையும் தலையணையில் அதன் ஈரத்தைத் தொட்டிருக்கிறேன். அருளுக்கு அவ்வளவு உப்பு இருக்காது.

எந்த நாளில் தொடங்கியது?

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் தேதிப் பைத்தியம் தெரியும். எங்கள் வீட்டுப் பசு ஈன்ற நட்சத்திரத்தைக்கூட எழுதிவிட்டேன் என்று ஒரு வாசகர் கேலி செய்திருந்தார். கொல்லம் ஆண்டு, மாதம், கிழமை என்று எதைக் கேட்டாலும் சொல்வேன். இந்த ஒன்றை மட்டும் சொல்ல முடியவில்லை.

காய்ச்சலுக்கு ஒரு நாள் உண்டு. நேற்று இல்லை, இன்று சுடுகிறது. அம்மைக்கும் உண்டு. அத்தானுக்கு வந்தது அப்படி வரவில்லை. கிணற்றில் நீர் இறங்குவது போல வந்தது. தினமும் தண்ணீர் எடுக்கிறவளுக்கு இறங்குவது தெரியாது. ஒரு நாள் கயிறு எட்டாமல் போகும்போதுதான் தெரியும்.

நமது தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேருவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்திய ஆவணி மாதம் என்று மட்டும் வைத்துக்கொள்கிறேன். கன்னிப்பூ என்கிற முதல் போகத்து அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வயலில் வேலை செய்கிறவர்கள் கருப்பட்டி வாங்க வந்து நிற்கும் நேரத்தில் கடை பூட்டிக் கிடந்தது என்று யாரோ வந்து சொன்னார்கள். அதுதான் முதலில் வெளியே தெரிந்தது.

இராஜாக்கமங்கலம் ஜங்ஷனில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை. அந்தக் கடைக்குச் சரக்கு வாங்க வந்தவர்களைவிட அவர் வாயைக் கேட்க வந்தவர்கள் அதிகம்.

"அண்ணாச்சி, கருப்பட்டியில மண்ணு கெடக்கே!"

"நம்ம ஊரு மண்ணுதானலே. வெளியூரு மண்ணா கெடந்தா கொண்டு வா, மாத்தித் தாறேன்."

இப்படியேதான் பகல் முழுவதும். மாலையில் வீட்டுக்கு வந்து அவ்வளவையும் எனக்கு நடித்துக் காட்டுவார். பேசியவர், பேசப்பட்டவர், நடுவில் குறுக்கே போன ஆடு, எல்லாமே அவர்தான். நான் சிரித்து அடுப்பை அணைய விட்டிருக்கிறேன்.

அந்த மனிதர் முதலில் நடிப்பதை நிறுத்தினார். பிறகு பேச்சைக் குறைத்தார். சேவல் கூவுவதற்கு வெகு முன்பே விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிடித்த சாளை மீன் கறியை வைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "என்ன செய்யுகு அத்தான்?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல. கை கனக்கு" என்பார். ஒரு நாள் கடைச் சாவியை மாமியிடம் கொடுத்துவிட்டுச் சாய்ப்பில் போய் உட்கார்ந்தார்.

பேர் வைத்தவர்கள்

நோய்க்கு நாங்கள் பேர் வைக்கவில்லை. ஊர்தான் வைத்தது.

முதலில் மடி, அதாவது சோம்பல், என்றார்கள். "பெண்டாட்டி சம்பளம் வாங்குகா, அவருக்கு என்ன?" என்று ஒரு பேச்சு. அடுத்து கண்ணேறு. மாமி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். பிறகு, "திருவனந்தபுரத்துக்கு வண்டி பிடிச்சாச்சா?" என்று கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள். அதற்கு அர்த்தம் எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். பைத்தியக்கார ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது. அன்று மாமி கிணற்றில் வாளியைப் போட்டுவிட்டு வந்தவள் மறுபடி தண்ணீருக்குப் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. குழந்தையின் தாய் அதைத் தூக்கிக்கொண்டு நாமம் இட எங்கள் வீட்டு விளக்கு மாடத்துக்கு வந்தாள். மாமி வெள்ளை நாமக்கட்டியைக் குழைத்து, என்ன நினைத்தாளோ, மகனின் விரலில் தொட்டு வைத்தாள். அத்தான் மறுக்கக்கூடத் தெம்பில்லாமல் குழந்தையின் நெற்றியில் இழுத்துவிட்டார். மறுநாள் காய்ச்சல் இறங்கியது.

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் அய்யாவழிக்காரர்கள். நாங்கள் கும்பிடும் அய்யா ஆறு வருடம் தவம் இருந்த மண் இது. பேச்சைக் குறைத்து, சோற்றைக் குறைத்து, ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால் மற்ற ஊர்க்காரர்களுக்கு என்ன தோன்றுமோ, எங்கள் ஆட்களுக்குத் தவசு என்றுதான் தோன்றும். அதைக் குறை சொல்ல மாட்டேன். கும்பிட வந்தவர்கள் ஒருவர்கூடக் கெட்டவர்கள் இல்லை. உண்மையான பக்தியோடு, தங்கள் வீட்டில் பழுத்த பழத்தைக் கொண்டு வந்தார்கள்.

நான் மாமியிடம் சண்டை போட்டேன். "அவருக்கு என்னமோ தீனம் மாமி. கூட்டத்தை வெலக்குங்க" என்றேன். தீனம் என்றால் எங்கள் பேச்சில் நோய்.

மாமி குரலை உயர்த்தவில்லை. "ஏட்டி, பைத்தியம்னு பேரு வாங்குகதுக்குச் சாமின்னு பேரு வாங்குகது கொள்ளாம் இல்லியா? நீயே சொல்லு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெற்றவளின் பயம் அப்படி ஒரு நிழலைத் தேடிப் போய் ஒதுங்கியிருந்தது.

துறை வகுக்காத பிரிவு

பிரிவுக்குப் பழைய புலவர்கள் எத்தனையோ காரணம் சொல்லியிருக்கிறார்கள். பொருள் தேடப் போனவன், போருக்குப் போனவன், தூது போனவன், பரத்தை வீட்டுக்குப் போனவன். ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்திவிட்டு, வாசகசாலையிலிருந்து எடுத்து வந்த சங்கப் பாட்டு உரைகளை அந்நாட்களில் திரும்பத் திரும்பப் புரட்டினேன். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே பிரிந்துபோனவனுக்கு அவர்கள் ஒரு துறையும் வகுக்கவில்லை.

கைநீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அவர் முதுகு இருந்தது. முகம் இல்லை. அந்த முதுகோடு பேசினேன். பள்ளிக்கூடத்தில் நடந்ததை அவரைப் போலவே நடித்துக் காட்டினேன். ஹெட்மாஸ்டர் மூக்குப்பொடி போடுவதை நான் செய்து காட்டினால் முன்பெல்லாம் தரையில் விழுந்து சிரிப்பார். இப்போது, "ம்" என்றார். அந்த "ம்" கிடைத்த நாளில் எனக்குப் பசித்தது. கிடைக்காத நாளில் பசிக்கவில்லை.

முன்பு மாசி மாதத்தில் வெள்ளரிக்காயைக் குளிர்ச்சிக்காக முகத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார், சின்னப் பையன் மாதிரி. அவர் சட்டையில் மிளகும் கருப்பட்டியும் கலந்த ஒரு வாசனை உண்டு. கடைக்குப் போகாததால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. கொடியில் கிடந்த ஒரு பழைய சட்டையை நான் துவைக்காமல் வைத்திருந்தேன்.

அவர் சொன்னது

தை மாதம் ஒரு பிற்பகல். கும்பிட வந்தவர்கள் போய்விட்டார்கள். பழத் தோலை நான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி" என்றார்.

விளக்குமாற்றை நிறுத்தினேன். பல வாரமாக என்னை அப்படி விளித்ததில்லை.

"இவிய எல்லாரும் என்னைக் கும்பிடுகினும். உள்ள ஒண்ணும் இல்ல ஏட்டி. காலி டப்பா. காலி டப்பாவுக்கு நாமம் போட்டுக் கும்பிடுகினும். எனக்கு மதியாச்சு."

மதியாச்சு என்றால் போதும் என்று அர்த்தம். சோறு போதும் என்றாலும் அதே சொல்தான். ஆனால் அவர் சோற்றைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அவர் முன்னால் போய்ச் சுவருக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். "அத்தான், சாவணும்னு தோணுகா?"

ஆமென்று தலையை ஆட்டினார். உடனே உடைந்து அழுதார். சத்தமாக அழுதார். அதுவரை சத்தமில்லாமல் ஒழுகிய கண்ணீர் அது இல்லை. நான் பிடித்துக்கொண்டேன். "ஆரும் கேக்கல்ல ஏட்டி. ஆரும் என்னட்ட இதைக் கேக்கல்ல" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். அவரைத் தனியே விடவில்லை. மாமியை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, மத்தியானத்தில் தாங்கலுக்குப் போனேன்.

கண்ணாடிக்கு முன்னால்

தாங்கலில் பணிவிடை செய்தவர் என்னோடு நான்காம் வகுப்பு வரை படித்தவர். அன்று நான் கணக்கில் முதல், அவர் கடைசி. அதனால் என்னை எப்போதும் "டீச்சரே" என்று ஒரு கேலியோடுதான் விளிப்பார்.

"என்ன டீச்சரே, தவசைக் கலைக்க வந்தியா?"

"தவசு இல்ல. தீனம்."

"மாமி அப்பிடிச் சொல்லல்லியே?"

"மாமிக்கு மவன் சாமியாட்டு வேணும். எனக்கு மாப்பிள மதி."

சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாவு என்ற சொல்லையும் சொன்னேன். அவர் நெடுநேரம் நாமக்கட்டியை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "ஞாயிற்றுக்கெழமை உச்சிப்படிப்புக்குக் கூட்டிட்டு வா. அய்யாவுக்க முன்னால வச்சுப் பாப்போம்" என்றார். உச்சிப்படிப்பு என்றால் நண்பகலில் எல்லோரும் கூடிச் சொல்கிற வழிபாடு.

எங்கள் தாங்கலில் சிலை கிடையாது. உள்ளே காவித்துணி சுற்றி ஒரு கண்ணாடி இருக்கும். கும்பிடுகிறவன் தன்னைத்தான் பார்ப்பான். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே நிற்பார்கள்.

அத்தான் வந்தார். வந்தது பெரிய காரியம். மாமி தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். சாமி நடந்து வருகிறது என்று ஊர் ஒதுங்கி வழிவிட்டது. உள்ளே எல்லா ஆண்களும் தலைப்பாகை கட்டிக்கொண்டார்கள். அத்தான் துணியைக் கையில் வைத்தபடி நின்றார். கட்டவில்லை. எத்தனையோ வருடமாகக் கட்டி வந்த தலைப்பாகை. ஒரு சுற்றுச் சுற்றக் கையைத் தூக்கினார். கை பாதியில் இறங்கிவிட்டது.

நான் பெண்கள் பக்கம் ஓரமாக நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் அவர் தெரிந்தார். சாய்ப்பில் சுவருக்குக் கொடுத்திருந்த முகத்தை அன்று நன்றாகப் பார்த்தேன். கன்னம் உள்வாங்கியிருந்தது. ஆனாலும் அவர்தான். கூப்பிட்டால் திரும்பிவிடுவார் போல இருந்தது. உச்சிப்படிப்பு சொல்கிற கூட்டத்தின் நடுவில் "அத்தான்" என்று கத்தத் தோன்றியது.

பணிவிடைக்காரர் கண்ணாடி இருக்கும் இடத்திலிருந்து இறங்கி வந்தார். அத்தான் கையிலிருந்த துணியை வாங்கி, குழந்தைக்குக் கட்டுவது போல அவரே கட்டிவிட்டார். நெற்றியில் நாமம் இட்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இவன் தவசு இருக்கல்ல. அய்யா தவசு இருந்தது மத்தவனைத் தூக்கி விடுகதுக்காக்கும். இவனால ஒரு முழம் துணியைத் தூக்க முடியல்ல. தீனம் உள்ளவனைக் கும்பிடப்பிடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். இனி பழம் கொண்டு போறவிய எனக்கிட்ட கேட்டுட்டுப் போங்க."

மாமி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

காலையிலா, மாலையிலா?

நாகர்கோவிலில் ஒரு டாக்டர். சண்டைக் காலத்தில் பர்மா எல்லையில் பட்டாள ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். பெயர் சொல்வதை அவர் விரும்பமாட்டார். அத்தானை எதிரில் உட்காரவைத்து, என்னைப் பார்க்காமல் அவரிடமே கேட்டார்.

"ஒறக்கம் எப்பிடி? சீக்கிரமே முழிப்பு தட்டிருகா?"

"ஆமா."

"உமக்குக் காலத்தயா மோசம், வைகிட்டா?"

அத்தான் நிமிர்ந்தார். "காலத்த. வைகிட்டு ஆனா கொஞ்சம் மனுசனாட்டு இருக்கும்" என்றவர், என் பக்கம் திரும்பி, "இது இவருக்கு எங்கன தெரியும்?" என்று கேட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டது அதுதான்.

"உமக்கு மட்டும் வந்த தீனம் இல்ல ஓய். துப்பாக்கி பிடிச்சவனுக்கும் வரும், துலாக்கோல் பிடிச்சவனுக்கும் வரும்" என்றார் டாக்டர். மெலங்கோலியா என்று ஒரு பேர் சொன்னார். இன்று மனச்சோர்வு என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். சோர்வு என்ற சொல் எனக்குப் போதவில்லை. சோர்ந்தவன் தூங்கி எழுந்தால் தெளிவான்.

என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். சாகத் தோன்றுகிறதா என்று அவரிடம் கேட்டீர்களா என்றார். கேட்டேன் என்றேன். "கொள்ளாம். கேட்டா இல்லாத எண்ணம் வந்திரும்னு பயப்படுவாவ. வராது. உள்ள எண்ணம் வெளிய வரும்" என்றார்.

இன்றைக்கு இருக்கிற மாத்திரைகள் அன்று வரவில்லை. சில வாரம் வார்டில் வைத்துக்கொண்டார். தூக்கத்துக்கு மருந்து கொடுத்தார். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பாடு, வெயில் ஏறுமுன் நடை. பிறகு வாரந்தோறும் வரச் சொன்னார். "சந்தோசமா இருன்னு மட்டும் சொல்லிராதீங்க டீச்சர். காலொடிஞ்சவனை ஓடச் சொன்ன மாதிரியாக்கும். இது மாறும். மாறுகது வரைக்கும் இவரு உயிரோட இருக்கணும். அதைப் பாத்துக்கிடுகதுதான் நம்ம சோலி."

நாங்கள் வார்டில் இருந்தபோது வீட்டில் நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அறிந்தேன். பணிவிடைக்காரர் சொன்னதைக் கேள்விப்படாத தூரத்து ஊர்க்காரர்கள் ஒரு வண்டி நிறைய வந்து இறங்கியிருக்கிறார்கள். மாமி விளக்குமாற்றோடு முற்றத்தில் இறங்கினாளாம்.

"சாமி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு! எனக்க மவனுக்குத் தீனம், கேட்டியளா, தீனம்! தீனக்காரனைக் கும்பிட்டா உங்களுக்கும் பிடிக்கும், ஓடுங்க!"

தொற்றாத நோயைத் தொற்றும் என்றது சுத்தப் பொய். நான் இன்றுவரை திருத்தவில்லை. தீனம் என்ற சொல்லை ஊர் கேட்க அவள் இரண்டு முறை சொன்னாளே, அது எனக்குப் போதும்.

ரோஸம்மாள் வந்தாள்

தெளிவு ஒரே நாளில் வரவில்லை. இரண்டு நாள் நன்றாக இருப்பார், மூன்றாம் நாள் மறுபடி பலகைக்குப் போவார். கடையில் முதலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். பிறகு அரை நாள். பின்னாளில் இன்னும் இரண்டு தடவை அது வந்தது. வந்த வாரத்திலேயே டாக்டரிடம் போனோம். அத்தான் முதுமையில்தான் இறந்தார், நெஞ்சுவலியில், என் கையைப் பிடித்துக்கொண்டு.

முதல் தடவை தெளிந்த அந்த வருடத்து ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை, கடற்கரைத் துறையிலிருந்து மீன் கொண்டுவரும் ரோஸம்மாள் கடவப் பெட்டியை இறக்கிவைத்தாள். மீனை எடுக்கவில்லை.

"டீச்சரம்மா, எனக்க அண்ணன் கடலுக்குப் போகல்ல. ஓணத்துக்கு முன்ன இருந்தே போகல்ல. வள்ளத்துக்க அடியில பெய்ப் படுத்துக் கெடக்கான். மடியன்னு எல்லாரும் சொல்லுகினும். நேத்து, எனக்கு மதியாச்சுன்னு சொல்லுகான். நீங்க எந்த டாக்டருட்ட போனிய?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அத்தான் வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "வழி சொன்னா அவன் போக மாட்டான்" என்றார். "மொத நாளு ஒருத்தன் கூட இருக்கணும். நான் வாறேன்."

"அத்தான், நீங்க…" என்றேன். முழுதாகக் குணமாகிவிட்டாரா என்று எனக்கே தெரியாது. அந்த இடத்துக்கு இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு போனால் மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன்.

"எனக்குத் தெரிஞ்ச வழியாக்கும் ஏட்டி" என்று சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

துறைக்கு நடந்து போய் அவனை எழுப்பிக் கூட்டி வந்தார்கள். உயரமான ஆள். தலை குனிந்திருந்தது. அத்தான் அவன் தோளில் கை போடவில்லை, எதுவும் பேசவுமில்லை. பக்கத்தில் நின்றார். அவ்வளவுதான். வழியனுப்ப நானும் ஜங்ஷனுக்குப் போயிருந்தேன். பஸ் வந்தது. மூவரும் ஏறினார்கள்.

சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுவார் என்று தெரியும். தெரிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. பூட்டிய கடைக்கு முன்னால் நின்றேன். எத்தனை மாதம் அந்த முதுகுக்குப் பின்னால் ஏங்கிக் கிடந்தேனோ, அதைவிட அதிகமாக அந்த ஒரு பகலில் ஏங்கினேன் போலத் தோன்றியது. ஆனால் இதில் ஒரு ருசி இருந்தது. இது, போன இடத்திலிருந்து திரும்பி வருகிற ஆளுக்கான ஏக்கம். புருஷனைப் பஸ் ஏற்றிவிட்ட எல்லாப் பெண்களுக்கும் இருக்கிற சாதாரண ஏக்கம். அது எனக்கும் கிடைத்துவிட்டது.

மழை தூறி நின்றிருந்தது. பஸ் வளைவில் திரும்பியது. ரோஸம்மாளும் அவள் அண்ணனும் இறங்கித் துறைப் பாதையில் நடந்தார்கள். கடைசியாக அவர் இறங்கினார். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே, ஊரே கேட்க ஒரு சத்தம் போட்டார்:

"ஏட்டி, பசிச்சு உயிரு போவுகு! என்ன கறி வச்சிருக்க?"

கறி ஒன்றும் வைக்கவில்லை. காலையில் அவர் பஸ் ஏறியதிலிருந்து நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.